புல்லுக்குள் போன ஜல்லியை மீட்ட கதை

எங்கள் வீடு ஒன்டாரியோவில், பீட்டர்பரோவுக்கு வெளியே கிராமப்பக்கம் இருக்கிறது. தெருவிலிருந்து வாசல் வரை தார் கிடையாது. முக்கால் இஞ்ச் சுண்ணாம்புக்கல் ஜல்லியைத் தூளோடு கொட்டி இறுக்கிய பாதைதான். குளிர்காலத்தில் ஒருவர் டிரக்கின் முன்னால் பிளேடு மாட்டிக்கொண்டு வந்து பனியைத் தள்ளிவிட்டுப் போவார். தரை உறைந்து இறுகுவதற்கு முன்பே பெரிய பனி கொட்டிவிட்டால், பிளேடு ஜல்லியையும் சேர்த்தே சுரண்டும். இந்த முறை அப்படித்தான் ஆனது. மார்ச் கடைசியில் பார்த்தால் பாதையின் இரண்டு ஓரமும் புல்லை விடக் கல்தான் அதிகம்.

இதை அப்படியே விட்டுப் புல் வெட்ட முடியாது. புல்வெட்டியின் பிளேடு நுனிக்கு அமெரிக்கத் தரவிதி அனுமதிக்கும் உச்ச வேகம் நிமிடத்துக்கு 19,000 அடி, அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர். அதில் அடிபட்டுக் கிளம்பும் கல் ஜன்னல் என்றும் பார்க்காது, ஆள் என்றும் பார்க்காது.

முதல் வேலையைப் பனி இருக்கும்போதே தொடங்கினேன். ஓரத்தில் குவிந்த பனிமேடு உருக உருக, தண்ணீர் வடிந்துவிடும். உள்ளே கலந்திருந்த கல்லெல்லாம் மேல்பரப்பில் சேர்ந்துகொண்டே வரும். மேடு முழங்கால் உயரத்துக்கு இறங்கியதும் தட்டையான ஷவலால் மேலாகச் சீவினால், புல்லையே தொடாத சுத்தமான கல் கிடைக்கும். அதை நேராகப் பாதையில் வீசிவிடலாம். காலையில் மேடு பாறை மாதிரி இருக்கும், மதியத்துக்கு மேல்தான் ஷவல் இறங்கும். இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு கல் வேறு எந்தக் கட்டத்திலும் வரவில்லை.

அப்புறம் சும்மா இருக்க வேண்டிய காலம். பனி போனவுடன் மண் சொதசொதவென்று இருக்கும். அதில் நடந்தால் மண் இறுகிவிடும், ரேக் (பல் வைத்த வாரி) போட்டால் புல் வேரோடு வந்துவிடும். மிதித்தால் தடம் பதியாத அளவுக்குக் காய வேண்டும், ஆனால் புல் நிமிர்ந்து வளரவும் தொடங்கியிருக்கக் கூடாது. எங்கள் பக்கம் அந்த இடைவெளி ஏப்ரலில் கொஞ்ச நாள்தான்.

கம்பி ரேக் பெரிய கல்லை இழுத்தது, சின்னதை விட்டுவிட்டது. கனமான இரும்பு ரேக் புல்லையும் சேர்த்துப் பிடுங்கியது. விறைப்பான தெருக்கூட்டும் துடைப்பம்தான், குளிரில் படிந்து கிடந்த புல்லின் மேல் நன்றாக வேலை செய்தது. நீளமான பகுதிக்கு ரப்பர் துடுப்புகள் சுழலும் பவர் ப்ரூமை (இயந்திரத் துடைப்பத்தை) வாடகைக்கு எடுத்தேன். மெதுவாக ஓட்டினால் கல் பாதைப் பக்கம் உருண்டு போகிறது. வேகத்தைக் கூட்டினால் தாறுமாறாகப் பறக்கிறது. சுண்ணாம்புத் தூசியும் கிளம்பும், கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் பக்கத்திலேயே போகாதீர்கள்.

கூட்டி எடுத்ததில் பாதி காய்ந்த புல்லும் மண்ணும். அதை அப்படியே பாதையில் போட்டால் மக்கி, களை முளைக்க இடம் கொடுக்கும். தள்ளுவண்டியின் மேல் அரை இஞ்ச் கம்பிவலை வைத்துச் சலித்தேன். மண் கீழே போனது, கல்லும் சருகும் வலையில் நின்றன. அந்தக் கலவையை வாளியிலிருந்து மெல்லச் சரித்து, பக்கத்திலிருந்து லீஃப் ப்ளோயரை (சருகு ஊதும் கருவியை) பிடித்தால், களத்தில் நெல் தூற்றுவது போலச் சருகு பறந்து கல் மட்டும் விழுகிறது. மொத்த வேலையிலும் ரசித்துச் செய்தது இதுதான்!

மண்ணுக்குள் அமுங்கிய கல்லைத் தோண்டவில்லை. புல்வெட்டியின் பிளேடுக்கு எட்டாத ஆழத்தில் இருந்தால் அது பாட்டுக்கு இருக்கட்டும். சொட்டையான இடங்களில் ரை புல் விதை தூவியிருக்கிறேன். புல்தரையிலுள்ள கென்டக்கி ப்ளூகிராஸ் என்ற புல் மண்ணுக்கடியில் தண்டு ஓட்டித் தானே பரவும், அதனால் சின்னச் சின்ன இடைவெளிகளை அதற்கே விட்டாயிற்று. முதல் வெட்டுக்கு பிளேடை உயர்த்தி, கல் எறியும் வாயை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி ஓட்ட வேண்டும்.

பனி தள்ளுபவரிடமும் பேசினேன். தரை உறையும் வரை பிளேடின் அடியில் அதைத் தாங்கும் ஷூக்களை (இரும்புப் பாதங்களை) இறக்கி, பிளேடைத் தரையிலிருந்து ஒரு இஞ்ச் தூக்கி ஓட்டுவதாகச் சொன்னார். நீளவாக்கில் கீறிய இரும்புக் குழாயை பிளேடின் விளிம்பில் செருகினால் கல்லைச் சுரண்டாமல் மேலே வழுக்கிப் போகும் என்பதும் அவர் சொன்னதுதான். சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்றேன். குழாய்ச் செலவு மட்டும் என்னுடையதாம்.