அத்தையின் மாத்திரை மணி

ஏப்ரல் 26
தோரப்பாடி அத்தைக்கு மகன் தன் பழைய ஐபோனைக் கொடுத்துவிட்டான். ஆண்ட்ராய்டில் நான் எழுதிக் கொடுத்த மாத்திரை ஆப் அதில் ஓடாது. "அது இல்லாம எனக்கு ஆவாதுப்பா" என்கிறார். சரி, கோட்லின் என்ற ஆண்ட்ராய்டு நிரல்மொழியில் எழுதியதை ஐபோனுக்கான ஸ்விஃப்டில் திரும்ப எழுத வேண்டும். அதற்கான எக்ஸ்கோடு மென்பொருள் ஆப்பிளின் மேக் கணினியில்தான் ஓடும். நண்பனின் மேக் மினி இரவல். ஆப்பிளுக்கு டெவலப்பர் கட்டணம் கட்டாமல் போனில் ஏற்றினால் ஆப் 7 நாளில் காலாவதி. கூகுளுக்கு ஒரே தடவை 25 டாலரோடு முடிந்தது, இங்கே வருஷா வருஷம் 99. கட்டியாச்சு.

மே 4
அக்னி நட்சத்திரம். காட்பாடியில் மதியம் இரண்டு தடவை கரண்ட் போனது. மாத்திரை விவரங்களைச் சேமிக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தள அட்டவணைகள் அப்படியே வந்துவிட்டன. பின்செல்லும் பட்டன் ஐபோனில் கிடையாது, அத்தையின் கட்டைவிரல் அதைத்தான் தேடும். ஒவ்வொரு திரையிலும் பெரிதாக 'திரும்பு' வைத்தேன்.

மே 7
விடியற்காலையில் போய் டெஸ்ட்ஃபிளைட் என்ற ஆப்பிளின் சோதனை ஆப் வழியாக ஏற்றிக் கொடுத்தேன். முதல் மணி அடித்ததும் காபி கிடைத்தது.

மே 16
ராத்திரி போன். "இன்னாப்பா, காலைல ஒரு தரம் கத்துச்சு. அப்புறம் வாயே தொறக்கல." மதிய மாத்திரை தவறிப்போயிருக்கிறது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

மே 17
கிடைத்தது. ஒரு நாளில் 7 தடவை மணி அடிக்க வேண்டும், 30 நாளுக்கு 210 தடவையையும் மொத்தமாகப் பதிந்திருந்தேன். ஆண்ட்ராய்டில் இதே முறை ஒழுங்காக ஓடியது. ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ், ஓர் ஆப்புக்கு அடுத்து வரவேண்டிய 64 நோட்டிஃபிகேஷன்களை (இங்கே மாத்திரை மணிகளை) மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடும். ஒன்பது நாளுக்கு 63. பத்தாம் நாள் காலை அடித்தது அறுபத்து நாலாவது! மூன்று மாத்திரையை வைத்து இரண்டே நாள் சோதித்தவனுக்கு இது எங்கே தெரியப்போகிறது? ஆவணத்தைப் படிக்காதது என் தப்பு.

மே 18
தினமும் அதே நேரத்துக்கு என்று ஒவ்வொரு மாத்திரை மணிக்கும் ஒரே பதிவு. 210 போய் 7. ஒரு குறை உண்டு: மாத்திரையை முன்னாலேயே போட்டுக்கொண்டாலும் மணி அடிக்கும், அந்த ஒரு வேளையை மட்டும் தாண்டவைக்க முடியாது. பாலாற்றுப் பாலம் தாண்டிப் போய் அத்தையிடம் இதைச் சொன்னேன்.

"அடிக்கட்டும்பா. உங்க மாமாவும் போட்டுக்கினேன்னு சொன்னப்புறம்தான் இன்னொரு வாட்டி கேட்பாரு."