பொற்கோயில் அடுக்களையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலை

அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குப் போகிறவர்களில் பலர் தடாகத்தைச் சுற்றி, அதன் நடுவிலுள்ள ஹர்மந்திர் சாஹிப் சன்னதியில் வணங்கி, லங்கர் என்னும் இலவசப் பொது உணவுக்கூடத்தில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். சாப்பிட்டதும் அடுக்களைப் பக்கம் போய் ஒரு மணி நேரமாவது வேலை செய்துவிட்டு வாருங்கள். நம் வீடுகளில் பெண்கள் தலையில் விழும் வேலைகள் அங்கே சேவை என்ற பெயரில் வழிபாடாகவே நடக்கின்றன. அதில் ஆண்களுக்குச் சரிபாதிப் பங்கு உண்டு.

தலையை மூடாமல் உள்ளே போக முடியாது, ஆண்களுக்கும் இதே விதிதான். பெரிய கைக்குட்டை போதும். பின்பக்கம் இறுக்கி முடிச்சுப் போடாவிட்டால் குனியும்போதெல்லாம் நழுவும். செருப்பை ஜோடா கர் என்னும் காலணிக் காப்பகத்தில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு, கைகால் கழுவிவிட்டு நுழைய வேண்டும்.

மாதவிலக்கு நாளாக இருந்தால் என்ன செய்வது என்று நம் ஊர்ப் பெண்கள் தயங்குவார்கள். தயங்கவே வேண்டாம். சீக்கிய மரபில் அப்படி ஒரு விலக்கு இல்லை. விடியற்காலையில் அங்கே பாடப்படும் ‘ஆசா தி வார்’ பதிகத்தில் குரு நானக் தீட்டைப் பற்றிக் கேட்கிறார்: தீட்டு பார்ப்பதென்றால் சாணத்திலும் விறகிலும் புழு இருக்கிறது, தானியத்தில் உயிர் இருக்கிறது, அடுக்களைக்குள்ளேயே தீட்டு வந்துவிடுகிறதே, எப்படித் தவிர்ப்பீர்கள்? அரசர்களைப் பெற்றெடுப்பவளை எப்படித் தாழ்ந்தவள் என்று சொல்வது என்ற கேள்வியும் அதே பதிகத்தில்தான் வருகிறது.

லங்கரில் சாதாரண நாளிலேயே சுமார் 50,000 பேர் சாப்பிடுகிறார்கள். இரவும் பகலும் அடுப்பு அணைவதில்லை. வேலை செய்ய முன்பதிவு கிடையாது, போய் உட்கார்ந்தால் போதும். முதன்முறை போகிறவர்கள் பூண்டு, வெங்காயம் உரிக்கும் இடத்தில் தொடங்குவது நல்லது. ரொட்டி தேய்க்கும் வரிசையில் இடம் கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். புதிதாகத் தேய்ப்பவர்கள் நடுவில் அழுத்திவிடுவார்கள். ஓரம் தடித்து, நடு மெலிந்து, தவாவில் போட்டதும் நடுப்பகுதி கருகும், ஓரம் வேகாது. குழவியை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓட்டி, ஓரத்தில் அழுத்தம் கொடுத்தால் ரொட்டி தானாகச் சுழன்று வட்டமாக வரும். தொடுமாவை அள்ளிப் போடக் கூடாது. உதிரும் மாவு தவாவில் கருகி அடுத்தடுத்த ரொட்டிகளில் கசப்பாக ஒட்டும். வீட்டில் சப்பாத்திக் கட்டையைத் தொட்டிராத ஆண்கள்தான் இங்கே அதிகம் திணறுவார்கள். பக்கத்தில் இருக்கும் முதிய சர்தார்ஜி வாய் திறக்காமல் குழவியைப் பிடித்துக் காட்டுவார். அவர் கை வேகத்தைப் பார்த்தாலே போதும், இது ‘பெண் கை’ வேலை என்ற பேச்சு எடுபடாது.

பந்தியில் சாதி, பதவி, ஆண், பெண் பார்க்காமல் தரையில் வரிசையாக அமர்கிறார்கள். ரொட்டியை இரு கைகளையும் ஏந்தி வாங்க வேண்டும், தட்டில் வைக்க மாட்டார்கள். கேட்டு வாங்கிய எதையும் மீதம் வைக்காதீர்கள்.

இந்த அடுக்களை மரபின் தொடக்கத்திலேயே ஒரு பெண் இருக்கிறார். இரண்டாம் குரு அங்கத்தின் மனைவி மாதா கீவி லங்கரை நடத்தியதையும், அவர் பரிமாறிய நெய் வழியும் பாயசத்தையும் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாஹிப்பே பாடுகிறது. அடுத்து வந்த குரு அமர்தாஸ், பந்தியில் அமர்ந்து சாப்பிட்ட பிறகே தன்னைக் காணலாம் என்று வைத்தார். உடன்கட்டையையும் பெண்கள் முகத்திரை அணிவதையும் எதிர்த்தவரும் அவரே.

தட்டு கழுவும் தொட்டிகள்தான் உடம்புக்குக் கடினமான இடம். எச்சிலை வழித்துக் கொட்டுபவர்கள் முதலில் நிற்பார்கள். அதன்பின் தட்டு ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்கு நகரும். சோப்பு நீர் முழங்கைக்கு மேல் தெறிக்கும். முழுக்கைச் சட்டை, தொங்கும் துப்பட்டா, மோதிரம் மூன்றும் வேண்டாம். தரை வழுக்கும், காலை அகட்டி நில்லுங்கள்.

ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. அடுக்களையில் நிலவும் இந்தச் சமம் கருவறை வரை போகவில்லை. ஹர்மந்திர் சாஹிப்பின் உள்ளே கீர்த்தனை பாடுபவர்கள் ஆண்களே. பெண்களையும் பாட அனுமதிக்கக் கோரி 2019 நவம்பரில் பஞ்சாப் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி கமிட்டிக்கு 1999-இலேயே பீபி ஜாகீர் கவுர் தலைவரானார். தலைமையில் அமர முடிந்த பெண்ணுக்குப் பாட இடமில்லை என்பதற்கு குருமார்களின் வாக்கில் ஆதாரம் எதுவும் இல்லை. அந்தக் கோரிக்கை நியாயமானது.

கைக்குழந்தையோடு போகும் தம்பதியர் முறை வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு மணி நேரம் குழந்தை அப்பாவிடம், அம்மா ரொட்டி வரிசையில். பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். அப்பாவிடமிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு: அம்மாவிடம் குழந்தையை விட்டுவிட்டுப் போகிறவர் திரும்பி வரத் தாமதமானால், அவள் முறை வருவதற்குள் கிளம்பும் நேரம் வந்துவிடும். பால் பாட்டில், மாற்றுத்துணி, டயப்பர் உள்ள பை அப்பாவின் தோளிலேயே இருக்கட்டும். எது எங்கே இருக்கிறது என்று அவள் வேலையை விட்டு எழுந்து வந்து காட்ட வேண்டியிருக்காது.