தரங்கம்பாடியில் மூன்று அட்டை நட்டம்

தரங்கம்பாடியில் பேருந்தை விட்டு இறங்கியதும் ஓர் ஆட்டோக்காரர் 150 ரூபாய் வாங்கிக்கொண்டு என்னை நகர வாயிலில் இறக்கிவிட்டார். மாலையில் அதே தூரத்தை நடந்து கடந்தபோது கால் மணி நேரம்கூட ஆகவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. நான் வரைந்து விற்கும் வாழ்த்து அட்டை ஒன்றின் விலை 50 ரூபாய். ஆக, ஒரு கோடு போடுவதற்குள் மூன்று அட்டைகள் போய்விட்டன.

டேனியர்கள் 1620இல் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டையை வரையத்தான் போயிருந்தேன். அகன்று தாழ்ந்த அந்தக் கட்டடம், உள்ளங்கையளவு அட்டைக்குள் வெறும் பட்டையாகச் சுருங்கிவிடுகிறது. போதாததற்குக் கடற்காற்றின் ஈரத்தில் நீர்வண்ணம் காயவே இல்லை. பொறுமையிழந்து ஓவியப் புத்தகத்தை மூடியதால், வானம் முழுவதும் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டது.

மதியம் ஒரு சிறிய உணவகத்தில் புளிப்பு தூக்கலான மீன்குழம்பு கிடைத்தது. இரண்டாம் முறை குழம்பு கேட்டபோதும் முகம் சுளிக்காமல் ஊற்றினார்கள். கோபம் பாதி அங்கேயே கரைந்தது.

பிற்பகலில், 1792ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட நகர வாயிலுக்குத் திரும்பினேன். மேற்கு வெயில் நேராக விழுந்ததில் வெள்ளைச் சுவர் பளிச்சென்று நின்றது. அழியாத மையில் கோடுகளைப் போட்டு, சுவருக்குத் தாளின் வெண்மையையே விட்டுவிட்டு, வளைவின் உட்புற நிழலுக்கு மட்டும் நீலம் கலந்த சாம்பல் நிறத்தை ஒரே இழுப்பில் தீட்டினேன். அட்டைக்கென்றே அளவெடுத்துக் கட்டியதுபோல் அமைந்துவிட்டது. இராஜ வீதியில் இருக்கும் 1718ஆம் ஆண்டுப் புதிய எருசலேம் ஆலயத்தையும் வரைந்தேன். முகப்பிலுள்ள அரச முடி மட்டும் காலிஃபிளவர் போல் வந்திருக்கிறது.

ஒவ்வோர் அட்டையையும் முழுவதுமாகக் கையால் வரைந்தால் 50 ரூபாய்க்குக் கட்டுப்படியாகாது. எனவே கோட்டோவியத்தை மட்டும் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) கெட்டித் தாளில் அச்சிட்டு, வண்ணத்தைக் கையால் தீட்டுகிறேன். தாளின் இழைகள் ஓடும் திசையைப் பார்த்து, அதன் போக்கிலேயே கரண்டியின் முதுகால் அழுத்தி மடிக்க வேண்டும். குறுக்கே மடித்தால் மடிப்பில் தாள் வெடித்து, அந்த அட்டையும் நட்டக் கணக்கில் சேரும்.

வாயில் படத்தில் இருபது அட்டைகள் தயாராகிவிட்டன. முதலில் கேட்டவர் கோட்டைதான் வேண்டும் என்கிறார்.