மோட்டார்ஹோம் ஹீட் ஆகிறதா? எப்போது என்று முதலில் கவனியுங்கள்

மோட்டார்ஹோம் (வீடு மாதிரி வசதிகள் உள்ள வண்டி) இன்ஜின் ஹீட் ஆகிறது என்று யார் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, எப்போது? பாதி விடை அதிலேயே இருக்கிறது.

நிற்கும்போது சூடேறி, வண்டி ஓட ஆரம்பித்ததும் குறைந்தால் ஃபேனையோ ஃபேன் கிளட்சையோ (ஃபேனை இன்ஜினோடு இணைத்துச் சுற்றவைக்கும் பாகம்) பாருங்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே, சாலை எப்படி இருந்தாலும் வெப்பநிலை மீட்டரின் முள் ஏறினால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்திருக்கலாம், அதன் ஓட்டத்தைத் திறந்துமூடும் தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம். சமதளத்தில் நன்றாக ஓடிவிட்டு நீண்ட மேட்டில் மட்டும் ஏறுகிறதா, அப்படியென்றால் எனக்கு முதல் சந்தேகம் ரேடியேட்டர் மேல்தான்.

அதுவும் டீசல் இன்ஜின் பின்னால் இருந்து, ரேடியேட்டரும் கடைசியில் இருக்கிற வண்டி என்றால் சந்தேகம் இன்னும் கூடும். சக்கரங்கள் கிளப்பும் தூசியும் இன்ஜினின் உள் அழுத்தத்தை வெளியேற்றும் பிரீதர் குழாயில் வரும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து பிசின் மாதிரி படிந்து காற்றுப் போகும் வழியை அடைத்துவிடும். வெளியே நின்று பார்த்தால் பளிச்சென்று இருக்கும், ஏனென்றால் அழுக்கு சேர்வது உள்பக்கம், ஃபேனைப் பார்த்த முகத்தில், பெரும்பாலும் ரேடியேட்டரை ஒட்டியிருக்கும் சார்ஜ் ஏர் கூலர் (டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விப்பது) மேல். டார்ச்சை உள்ளே விட்டுப் பார்க்காமல் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றுவது வீண் செலவு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) அடித்து ஊறவிட்டு, மெதுவான தண்ணீரில் பலமுறை கழுவுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே பிடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான ஃபின்கள் மடங்கிவிடும்.

முள்ளை மட்டும் நம்பவும் வேண்டாம். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் வரும் கூலன்ட் வெப்பநிலையோடு ஒப்பிட்டால் மீட்டர் பொய் சொல்கிறதா என்று தெரிந்துவிடும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, ஆனால் 15 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற மூடி கூலன்ட்டின் கொதிநிலையைச் சுமார் 20-25 டிகிரி செல்சியஸ் உயர்த்துகிறது, மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அந்த வித்தியாசம் குறைந்துபோகும். சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் திறக்கவே கூடாது, கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

மேட்டில் முள் ஏறத் தொடங்கினால் உடனே கியரைக் குறைத்து, ஆக்சிலரேட்டரைத் தளர்த்துங்கள். வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) கூடினால் வாட்டர் பம்ப்பும் வேகமாகச் சுற்றும். கேபின் ஹீட்டரை முழுதாகப் போட்டாலும் கொஞ்சம் வெப்பம் குறையும். அப்படியும் இறங்கவில்லையா, ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கூலன்ட் குறைந்துகொண்டே போய், கூலன்ட் டேங்க்கில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், அதுவரை இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள்.