பத்து வரி சி புரோகிராமும் ஒரு ஜிடிபியும்

"ரிவர்ஸ் எஞ்சினியரிங் படிக்க என்ன புக்கு வாங்கணும் அண்ணே?" மார்த்தாண்டம் பஸ்ஸில் ஜூனியர் பையன் ஒருவன் கேட்டான். "புக்கு பிறகு மக்கா, முதல்ல பத்து வரியில ஒரு சி புரோகிராம் எழுது" என்றேன்.

மூல நிரல் கையில் இல்லாமலே ஒரு நிரல் எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் ரிவர்ஸ் எஞ்சினியரிங். நான் தொடங்கியது தலைகீழாக. அசெம்பிளி (பிராசஸருக்கான அடிமட்ட மொழி) கட்டளைகளை நோட்டில் எழுதி, வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தே இரண்டு வாரம் போனது. ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவியான ஜிடிபியைத் (GDB) திறந்தால் ஒன்றும் புரியவில்லை.

பிறகுதான் பாஸ்வேர்ட் கேட்கும் சின்ன நிரல் ஒன்றை நானே எழுதினேன். ஸ்ட்ர்கம்ப் (strcmp) என்ற ஃபங்ஷனை வைத்து, தட்டியதைச் சரியான பாஸ்வேர்டோடு ஒப்பிடும், அவ்வளவுதான். ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்து, நிரலை அசெம்பிளியாகக் காட்டும் ஆப்ஜெக்ட்டம்ப்பில் அந்த ஃபங்ஷனை அழைக்கும் வரியைத் தேடினேன். 11-இல் தொடங்கும் நாலு இலக்க முகவரி. அப்படியே அங்கே பிரேக்பாயிண்ட் (நிரல் நிற்க வேண்டிய இடம்) வைத்து ஓடவிட்டால், அந்த மெமரியைத் தொட முடியாது என்று ஜிடிபி கைவிரித்தது. ஒரு ராத்திரி முழுக்கத் தலையைப் பிய்த்தேன். இப்போதைய நிரல்கள் பெரும்பாலும் இடம்பெயரும் வகை, மெமரியில் எந்த இடம் என்பது ஓடும்போதுதான் முடிவாகும். ஃபைலில் இருப்பது வெறும் தூரக்கணக்கு. ஜிடிபியில் 'ஸ்டார்ட்' கொடுத்தபின் பார்த்தால் முகவரி 0x5555 என்று தொடங்கி நீளமாக இருக்கும், கடைசி மூன்று இலக்கம் மட்டும் மாறாது. அதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

சரி, நிரல் அந்த அழைப்பில் நின்றாயிற்று. 64 பிட் லினக்ஸில் ஃபங்ஷனுக்குப் போகும் முதல் மதிப்பு ஆர்டிஐ ரெஜிஸ்டரில் (பிராசஸருக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடம்), இரண்டாவது ஆர்எஸ்ஐயில். ஆர்டிஐயைச் சரமாகக் காட்டச் சொன்னேன்: நான் தட்டியது. ஆர்எஸ்ஐ: ஒளித்து வைத்த பாஸ்வேர்ட்! நானே எழுதியதுதான், இருந்தாலும் புல்லரித்தது. 'நெக்ஸ்ட்ஐ' அடித்து அந்த அழைப்பைத் தாண்டி, ஒப்பீட்டின் விடை வரும் ஆர்ஏஎக்ஸை 0 (இரண்டும் ஒன்று) ஆக்கினால் தப்பான பாஸ்வேர்டும் செல்லும். மனப்பாடம் செய்ய வேண்டியது இந்த ரெஜிஸ்டர் வரிசை ஒன்றைத்தான் என்பேன்.

இன்னொன்று, திரையில் வருவதை ஃபைலில் சேமிக்கும் ஜிடிபியின் லாகிங்கைப் போட்டுவிடுங்கள். நமக்கோ இரண்டு பருவமழை, என் லேப்டாப்புக்கோ பேட்டரி செத்துவிட்டது. கரண்ட் போனபோதெல்லாம் அதுவரை பார்த்ததும் போனது.

அப்புறம் அதே நிரலை ஸ்ட்ரிப் செய்யுங்கள், அதாவது உள்ளே இருக்கும் ஃபங்ஷன் பெயர்களை நீக்குங்கள். 'பிரேக் மெயின்' வேலை செய்யாது. 'ஸ்டார்ட்ஐ' கொடுத்தபின் 'இன்ஃபோ ஃபைல்ஸ்' காட்டும் தொடக்க முகவரியில் நின்று ஒவ்வொரு கட்டளையாக நகருங்கள். சி மொழியின் அடிப்படை நூலகமான லிப்சியின் தொடக்க ஃபங்ஷனை அழைக்கும் இடத்தில் ஆர்டிஐயைப் பாருங்கள், மெயினின் முகவரி அங்கே உட்கார்ந்திருக்கும்.