பவுல் கேமுக்கு போறதா வேணாமானு பசங்க முடிவு பண்ற டிசம்பர்

அமெரிக்கால ஒரு யூனிவர்சிட்டில ஃபுட்பால் பசங்களோட படிப்பை பாத்துக்குறதுதான் என் வேலை, நம்ம ஊரு ஃபுட்பால் இல்ல, ஹெல்மெட் மாட்டிக்கிட்டு மோதுற ஆட்டம். சீசனுக்கு 12 மேட்ச், அதுல 6 ஜெயிச்சா, சீசன் முடிஞ்சதும் தனியா நடக்குற பவுல் கேம்ங்குற மேட்ச்சுக்கு தகுதி. டிசம்பர் ஆரம்பத்துல அழைப்பு வரும், சரியா ஃபைனல் எக்ஸாம் நேரத்துல. வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு அது ஒரு டூர் மாதிரி தெரியும், ஹோட்டல், பரிசுப்பை, டிவில மூஞ்சி, ஆனா முட்டில ஐஸ் கட்டிக்கிட்டு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நோட்டை விரிச்சு வெச்சு, ஒரு பக்கம் கூட திருப்பாம என் எதிர்ல உக்காந்திருந்த பையன் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "நான் ஆடலன்னா கூட இருக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

அவன் பயம் நியாயமானது, ஆடினா உடம்பு போகலாம், ஆடலன்னா திட்டு விழலாம். 2016 ஜனவரி 1, ஃபியஸ்டா பவுல்ல நோட்ரே டேம் யூனிவர்சிட்டி வீரர் ஜெய்லன் ஸ்மித்துக்கு முட்டி போச்சு, என்எஃப்எல்ங்குற புரொஃபஷனல் லீக் டீமுங்க காலேஜ் வீரர்களை ஒவ்வொருத்தரா எடுக்குற டிராஃப்ட்ல ரொம்ப மேல போவார்னு பேசப்பட்டவர் ரெண்டாவது ரவுண்டுல 34வதா போனார். அந்த வருஷ டிசம்பர்லயே மெக்காஃப்ரி, ஃபோர்னெட்னு ரெண்டு பெரிய காலேஜ் வீரர்கள் பவுல் ஆட மாட்டோம்னு சொன்னாங்க, டீமை விட்டுட்டு ஓடுறாங்கனு எவ்ளோ திட்டு! உடம்பு அவங்களுது, அதை வெச்சு பொழைக்கப் போறதும் அவங்கதான், இதுல சுயநலம் எங்க இருக்குனு எனக்கு இன்னிக்கும் புரியல.

ஆனா இந்த பேச்சு வரும்போதெல்லாம் நான் பசங்ககிட்ட சொல்றது 1958 பஃபலோ யூனிவர்சிட்டி டீம் பத்திதான். அந்த சீசன்ல 8 ஜெயிச்சு ஒண்ணுதான் தோத்தாங்க, அவங்க சரித்திரத்துலயே மொத பவுல் அழைப்பு, ஆர்லாண்டோல டாஞ்சரின் பவுல். ஸ்டேடியத்தை கையில வெச்சிருந்த உள்ளூர் பள்ளி விளையாட்டு சங்கம், கறுப்பரும் வெள்ளையரும் ஒண்ணா ஆடக்கூடாதுனு சட்டம் வெச்சிருந்தது. டீம்ல ரெண்டு கறுப்பின வீரர்கள், வில்லி எவன்ஸ், மைக் வில்சன். அவங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு வந்தா மத்தவங்க ஆடலாம். முடிவை பசங்ககிட்டயே விட்டாங்க, அவங்க ரெண்டு பேரும் இல்லாம போறதில்லனு எல்லாரும் ஒரே குரல்ல சொல்லிட்டாங்க. அதுல பாதி பேருக்கு வாழ்க்கையிலேயே அதுதான் பெரிய மேட்ச்சா இருந்திருக்கும், 20 வயசு பசங்க, யாராவது ஒருத்தனாவது "ஆனாலும்..."னு இழுத்திருக்கலாம், இழுக்கல. பஃபலோ மொத மொதல்ல ஒரு பவுல் ஆடினது 2009 ஜனவரில, டொரான்டோல.

கொரோனா வருஷம் 2020ல பாஸ்டன் காலேஜ் பசங்க 11 மேட்ச் ஆடி முடிச்சிட்டு, போதும், வீட்டுக்கு போறோம்னாங்க. மாசக்கணக்குல அம்மா அப்பாவை பாக்காத பசங்க, அவங்க கேட்டது கிறிஸ்துமஸ்க்கு வீடு, அவ்ளோதான். கோச்சும் சரினுட்டார்.

இங்க எங்க மீட்டிங்ல நான் ஒவ்வொரு வருஷமும் விடாம கேக்குறது ரெண்டு விஷயம்தான்: பசங்க ஓட்டு போடறப்ப கோச்சுங்க ரூம்ல இருக்கக் கூடாது, ஓட்டு போடறதுக்கு முன்னாடியே எக்ஸாம் டைம்டேபிளும் அடிபட்டா யார் செலவு பண்ணுவாங்கங்குற பேப்பரும் அவங்க கையில இருக்கணும். மொதல்ல சொன்னதை ஒத்துக்கிட்டாங்க, ரெண்டாவதுக்கு இன்னும் பேசிக்கிட்டு இருக்கேன்.