சக் நோலும் நான் குடிவந்த பிட்ஸ்பர்க்கும்

பிட்ஸ்பர்க்குக்கு வேலைக்கு வருகிறவர்களுக்குக் குளிரைப் பற்றிச் சொல்ல ஆள் உண்டு. பனியில் மேடேறி இறங்கி வண்டி ஓட்டுவதைப் பற்றியும் சொல்வார்கள். இந்த ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஸ்டீலர்ஸ் பற்றி யாரும் சொல்வதில்லை, செப்டம்பர் வந்தால் தானாகவே தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை ஆபீஸில் பாதிப் பேர் கறுப்பும் மஞ்சளுமாக வருவார்கள். ஞாயிறு மதியம் ஆட்டம் தொடங்கினால் கடைகளில் கூட்டம் இருக்காது. பென் ஹில்ஸ் வேங்கடேசுவரர் கோயிலில் புளியோதரை வாங்க நிற்கும் வரிசையில்கூட அணியின் தொப்பிகளைப் பார்க்கலாம்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த ஆட்டத்தில் முதலில் பிடிபடாதது பயிற்சியாளருக்கு இருந்த மரியாதைதான். நம் ஆட்டத்தில் மைதானத்துக்குள் முடிவெடுப்பவர் கேப்டன். இங்கே பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆட்டம் நிற்கும், கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள் அடுத்த நகர்வைச் சொல்லி அனுப்புவார்கள். அப்புறம்தான் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஏன் எப்போதும் ஸ்டீலர்ஸின் பழைய பயிற்சியாளர் சக் நோலைப் பற்றியே பேசுகிறார் என்று புரிந்தது. அவர் ஹோம்ஸ்டெட் இரும்பாலையில் வேலை பார்த்தவர்.

நோல் 1932-ல் கிளீவ்லாந்தில் பிறந்தவர். அந்த ஊர் பிரௌன்ஸ் அணியில், பயிற்சியாளர் பால் பிரௌனிடம் ஆடினார். பயிற்சியாளர் சொல்லும் நகர்வை மைதானத்துக்குள் ஓடிப்போய்ச் சொல்லும் வேலையும் அவருக்கு இருந்தது. பிறகு சிட் கில்மேன், டான் ஷூலா இருவரிடமும் உதவிப் பயிற்சியாளர். 1969 ஜனவரியில், 37 வயதில், ஸ்டீலர்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். 1933-ல் தொடங்கிய அந்த அணி அதுவரை ஒரு கோப்பையும் வென்றதில்லை.

முதல் ஆண்டில் முதல் ஆட்டத்தை வென்றார்கள். அடுத்த 13-லும் தோற்றார்கள். அடுத்த ஆண்டு ஐந்து வெற்றி, அதற்கடுத்து ஆறு. அணியின் உரிமையாளர்களான ரூனி குடும்பம் அவரை அனுப்பிவிடவில்லை. நோலும் அவசரப்படவில்லை. ஏற்கெனவே பெயர் எடுத்திருந்த வீரர் ஆண்டி ரஸலுக்கே காலை எங்கே வைப்பது, எப்படி நிற்பது என்று அடியிலிருந்து மறுபடி கற்றுக்கொடுத்தார். கத்துகிற ஆள் இல்லை, வாத்தியார். 1972-ல் 11 வெற்றி வந்தது.

பெரியவருக்கு மிகவும் பிடித்த கதை 1974-ம் ஆண்டின் வீரர் தேர்வு, அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது. லின் ஸ்வான், ஜாக் லாம்பர்ட், ஜான் ஸ்டால்வொர்த், மைக் வெப்ஸ்டர் என்று ஒரே ஆண்டில் எடுத்த நால்வரும் பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேம் என்ற, இந்த ஆட்டத்தின் பெரியவர்களுக்கான கௌரவப் பட்டியலுக்குப் போனவர்கள். கறுப்பினக் கல்லூரிகளின் வீரர்களை மற்ற அணிகள் சரியாகக் கவனிக்காத காலம் அது. பத்திரிகைக்காரராக இருந்த பில் நன் அந்தக் கல்லூரிகளை நன்கு அறிந்தவர், அணிக்காக அங்கே போய்த் தேடினார். ஸ்டால்வொர்த் அப்படிக் கிடைத்தவர்தான். அந்தப் பருவத்திலிருந்து ஆறு பருவங்களில் நான்கு முறை சூப்பர் பவுல், அதாவது பருவத்தின் இறுதி ஆட்டத்தை, வென்றார்கள். தலைமைப் பயிற்சியாளராக நோல் சூப்பர் பவுலில் தோற்றதே இல்லை.

அதே காலத்தில்தான் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. ஹோம்ஸ்டெட் 1986-ல் மூடியது. இன்று அங்கே கடைத்தெருவும், வரிசையாக நிற்கும் 12 செங்கல் புகைபோக்கிகளும்தான். வேலை போனவர்கள் டெக்சஸுக்கும் கரோலினாவுக்கும் போனார்கள். போன இடத்திலெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஸ்டீலர்ஸ் ரசிகர்களின் அடையாளமான மஞ்சள் துண்டைச் சுற்றினார்கள். இதைக் கேட்டபோதுதான் இந்த ஊரோடு எனக்கு ஓர் ஒட்டுதல் வந்தது. பிழைக்கப் போன இடத்தில் ஊரைப் பிடித்துக்கொண்டிருக்க ஒன்று வேண்டும் என்பது இவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரியவரின் தம்பி ஹூஸ்டனில் இருக்கிறார். ஆட்டம் முடிந்ததும் இருவரும் போனில் பேசுவார்கள், நான் ஊருக்குப் பேசுவதைப் போலவே நீளமாக.

நோல் தன் வீரர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது, ஆட்டம் கொஞ்ச காலம்தான், வாழ்நாள் வேலை இதற்குப் பிறகுதான் என்பது. ஆலை மூடியபோது அந்தப் பேச்சு தனக்கும் சேர்த்துச் சொன்னதாகத் தோன்றியது என்றார் பெரியவர். விசா நீட்டிப்புக்குக் காத்திருந்த நாட்களில் எனக்கும் அது துணையாக இருந்தது.

எல்லோரும் நான்கு கோப்பைகளைச் சொல்வார்கள். எனக்கு 1989-தான் பெரிது. பழைய நட்சத்திரங்கள் அணியை விட்டுப் போய்விட்டார்கள். முதல் ஆட்டத்தில் சொந்த மைதானத்திலேயே 51-0 தோல்வி, அடுத்தது 41-10. நோலின் காலம் முடிந்துவிட்டது என்று பேசினார்கள். அந்த அணியை அவர் பிளேஆஃப் எனும் நாக்அவுட் சுற்று வரை கொண்டுபோனார். டிசம்பர் 31 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் கூடுதல் நேரத்தில் கேரி ஆண்டர்சன் 50 கெஜத்திலிருந்து உதைத்து 26-23 என்று வென்றார்கள். அன்று அரங்கத்தில் பெரியவரின் தம்பியும் துண்டோடு இருந்திருக்கிறார். அடுத்த வாரம் டென்வரில் ஒரே புள்ளியில் தோற்றார்கள். இன்னும் இரண்டு பருவம் இருந்து, 1991-ன் கடைசியில், 23 ஆண்டுகளுக்குப் பிறகு, நோல் விலகினார்.